கடைசி பஸ் குழுவின் டிரம்மர்

"மாணிக்கம், நீ இங்கயே எறங்கிக்க. கொல்லை வழியா சுத்தி வந்துடு. அந்தாண்ட நாங்க ஏத்திக்கிறோம்."

சொன்னவன் நான். வேனில் டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் திரும்பாமல், கண்ணாடியில்கூட அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

தியாகதுருகம் தாண்டி எலவனாசூர் போகும் சாலை. காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எதிரே, ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு புளியமரம் கிடந்தது. அன்று விடியற்காலை வெட்டியிருப்பார்கள், இலை வாடவில்லை. வெட்டுவாயிலிருந்து வந்த பச்சை வாசனை வேனுக்குள் வரை அடித்தது. மரத்தின் மேலும் பக்கத்திலும் ஆட்கள். சிலர் கையில் கொடி, சிலர் கையில் கோடாலி. ஒருவர் தூக்குவாளியோடு நடந்து எல்லோருக்கும் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

மாணிக்கம் எங்கள் குழுவின் டிரம்மர். பாட்டுக்காரனும் அவன்தான். டிரம் குச்சிகளை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினான்.

"குச்சி எங்கிட்ட இருக்கட்டும். டிரம்ம மட்டும் தூக்கிக்கினு போயி இன்னா பண்ணுவீங்கன்னு பாக்கறேன்" என்றான்.

"டிரம்ம வுட்டுட்டுப் போனாலும் போவோம், உன்ன வுடுவமா?" என்றான் கிடார் வாசிக்கும் அன்வர்.

எல்லோரும் சிரித்தோம். அவன் வரப்பில் இறங்கி, கரும்புக்குள் மறைந்தான்.

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த அந்தப் போராட்ட நாட்களில் இது ஒரு வழக்கமாகிவிட்டிருந்தது. மரத்தருகே நிற்பவர்கள் வண்டிக்குள் எட்டிப் பார்ப்பார்கள். "எந்த ஊரு? யாரு வூட்டுப் புள்ள?" என்று கேட்பார்கள். பதிலில் சாதி தெரிந்துவிடும். தங்கள் ஆள் என்றால், கல்யாணம், ஆஸ்பத்திரி என்று ஏதாவது ஒரு காரணத்துக்கு, ஓரத்து மண் பாதையைத் திறந்துவிடுவார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதவர்கள் முன்கூட்டியே இறங்கி, வயல் வழியே சுற்றி வந்து, மறுபக்கம் ஏறிக்கொள்வார்கள். டிரைவர்களே சொல்வார்கள்: "சுத்தி வர்றவங்க எறங்கிக்குங்க." ஊரே செய்ததுதான். சுற்றி வந்தவர்களை எல்லோரும் ஏற்றிக்கொண்டார்கள்.

எல்லோரும்.

ஏன் இப்போது

இந்தத் தொடரில் என் படிப்பு, வாத்தியார் வேலை, கல்யாணம் என்று வாராவாரம் எழுதி வந்திருக்கிறேன். குழுவைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதும் எண்ணமும் இல்லை. போன மாதம் வந்த ஒரு தொலைபேசி அழைப்பு அதைக் கெடுத்துவிட்டது.

சென்னையிலிருந்து ஒரு பையன். எங்கள் பழைய கேசட்டை எங்கேயோ கண்டெடுத்து, இணையத்தில் ஏற்றியிருக்கிறான். பல்லாயிரம் பேர் கேட்கிறார்களாம்.

"சார், தமிழ்ல மொதல் ஆல்டர்நேட்டிவ் ராக் வாய்ஸ் நீங்கதான் சார். உங்களுக்கு ஒரு விழா எடுக்கறோம்."

"தம்பி, ராக் என்றால் என்னவென்றே அப்போது எங்களுக்குத் தெரியாது."

"அதான் சார் அதுல அழகே."

எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். அழகாம். அந்தப் பையன்மேல் கோபப்பட எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. அவனிடம் இருக்கும் கேசட்டில் என் பெயர்தான் இருக்கிறது. அவன் வேறு யாரைக் கூப்பிடுவான்?

அன்வர் கடைக்கு வந்த ஜப்பான்

கள்ளக்குறிச்சியில் துருகம் சாலையில் ஒரு மாடியில் டுடோரியல். நான் அங்கே இங்கிலீஷ் வாத்தியார். கீழே அன்வரின் ரேடியோ ரிப்பேர் கடை. மாணிக்கம் அந்தக் கடையில் ஸ்பீக்கருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றுவான், கல்யாண வீடுகளுக்கு மைக் செட் கட்டப் போவான், சீசனில் கரும்பு வெட்டப் போவான். கலைந்துபோன ஏதோ ஒரு மெல்லிசைக் குழுவின் கிழிந்த டிரம் செட் அந்தக் கடையில் கிடந்தது. அதில் தானாக அடித்துப் பழகியவன்.

அவனும் நானும் ஒரே ஊர், நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில். நான் ஊர்த்தெரு. அவன் காலனி. கள்ளக்குறிச்சியில் என்னை "வாத்தி" என்பான். ஊரில் பார்த்தால் "சின்னய்யா" என்பான். இரண்டுக்கும் நான் திரும்பிப் பார்த்தேன்.

ஒருநாள் கடைக்கு ஒரு ஜப்பான்காரம்மா வந்தார். கல்வராயன் மலையில் வெள்ளிமலையில் தங்கி, சாமைப் பயிரைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். அவருடைய டேப் ரெக்கார்டர் கேசட்டை மென்றுவிட்டது. அன்வர் டேப்பை இழுத்தெடுத்து, பென்சிலால் சுற்றிச் சரிசெய்து, ஓடவிட்டுப் பார்த்தான்.

தகரக் கொட்டகைமேல் லோடு லோடாகக் கருங்கல் கொட்டுவதுபோல் ஒரு சத்தம். நடுவில் ஒருவன் கத்தினான்.

அன்வர் முகம் செத்துவிட்டது. "ஸ்பீக்கர் கிழிஞ்சிடிச்சிங்க. நான் வேற போட்டுத் தரேன்" என்றான். நான் மொழிபெயர்த்தேன். அந்த அம்மா சிரித்து, இது இப்படித்தான் இருக்கும் என்றார்.

அவர் சொந்த ஊர்க் குழுவாம் அது. பெயரைச் சொன்னார், எங்கள் வாயில் நுழையவில்லை. கேசட் அட்டையில் கட்டுப் போட்ட ஒரு மீன். ஆட்களின் முகமும் இல்லை, பெயரும் இல்லை. நாங்கள் "மீன்காரங்க" என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

மழையால் மலை பஸ் வரவில்லை. சாயங்காலம் வரை கடையிலேயே இருந்தார். ஈயம் உருகும் வாசனைக்கு நடுவே அந்தக் குழுவின் கதையைச் சொன்னார். நான் வரிவரியாகத் தமிழில் சொன்னேன்.

துறைமுகத்து ஊர். நான்கு பேர். முதல் கச்சேரி மீன் ஏலக் கொட்டகையில். ஏலக்காரர்கள் தண்ணீரை அடித்து விரட்டினார்கள். பாடுகிறவன் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாடுவான். ஒரு மண்டபத்தில் கரண்டை நிறுத்தினார்கள். மேடைப் பலகையைக் காலால் உதைத்தே கச்சேரியை முடித்தார்கள். பெரிய கம்பெனி ஒன்று அழைத்தது. முதல் இசைத்தட்டு விற்றது. அடுத்ததற்குக் காதல் பாட்டு வேண்டும் என்றது கம்பெனி. இவர்கள் ஐஸ் உடைக்கும் மிஷின் சத்தத்தைப் பதிந்து கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கம்பெனி துரத்தியது. அதன்பிறகு ரயிலடியில் நின்று தாங்களே கேசட் விற்றார்கள்.

இடையில் அவர்களுடைய டிரம்மருக்கு நுரையீரல் கெட்டு, நெடுநாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். மற்ற மூவரும் வேறு ஆளைச் சேர்க்கவில்லை. டிரம் வர வேண்டிய இடம் வந்தால் கையைத் தொங்கவிட்டு நிற்பார்கள். அந்த இடம் வெறுமையாகவே கழியும். பாட்டில்கள் பறந்து வரும். நிற்பார்கள்.

மாணிக்கம் இந்த இடத்தை மட்டும் திரும்பக் கேட்டான்.

"அவன் திரும்பி வந்தானா, கேளு வாத்தி."

"வந்தானாம்."

"அதுவரைக்கும் வேற ஆள போடவே இல்லியா?"

"இல்லையாம்."

காயிலைக் கீழே வைத்தான். "மனுஷனுங்கடா" என்றான்.

பேர் சொல்லாத மேடை

எங்கள் குழு அப்படித் தொடங்கியது. நான் கீபோர்டு, அன்வர் கிடார், மாணிக்கம் டிரம்மும் குரலும். அவன் ஊருக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போதுதான் எங்கள் பயிற்சி முடியும் என்பதால் குழுவுக்குக் "கடைசி பஸ்" என்று பெயர்.

மெல்லிசைக் கச்சேரி என்றால் அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் பிள்ளையார் பாட்டு. பிறகு சினிமா. கூட்டத்திலிருந்து சீட்டில் எழுதி அனுப்பும் பாட்டுகள். நடுவில் ஒருவர் மைக்கைப் பிடித்து, "டிரம்ஸ் வாசிப்பவர் இன்ன ஊர், இன்னாரின் புதல்வர்" என்று ஒவ்வொருவராக அறிமுகம் செய்வார். அப்பா பெயரும் ஊரும் போதும். முன்வரிசைக்காரர்கள் யார் யார் என்ன என்று கணக்குப் போட்டுவிடுவார்கள்.

நாங்கள் எதையும் செய்யவில்லை. சினிமாப் பாட்டு இல்லை. அறிமுகம் இல்லை. "மீன்காரனுங்க சொன்னானுங்களா? நாமளும் சொல்ல வேணாம்" என்றான் மாணிக்கம். அவனுக்கு அது ஏன் வேண்டியிருந்தது என்று எனக்குப் புரிந்தது. எனக்கும் அது வசதியாக இருந்தது என்பது அப்போது புரியவில்லை.

சின்னசேலத்தில் ஒரு வெல்ல மண்டி விழாவில் முதல் கச்சேரி. இரண்டாவது பாட்டிலேயே செருப்பு வந்தது. ஒரு சீட்டும் வந்தது: "சினிமாப் பாட்டு பாடு. இல்லாட்டி எறங்கு." மாணிக்கம் அதை மைக்கில் படித்தான். பிறகு அதையே பாடினான். ராகம் மாற்றி, அழுகிற மாதிரி, கெஞ்சுகிற மாதிரி, போலீஸ் மாதிரி. செருப்பு எறிந்தவனே சிரித்தான். அன்றிலிருந்து வரும் சீட்டுகளை எல்லாம் பாடினோம்.

"எறங்கச் சொல்லாத" என்ற பாட்டு அப்படித்தான் பிறந்தது. சர்க்கரை ஆலை எடைமேடையில் கரும்பு டிராக்டர் ஏறும்போது, லோடுமேல் குந்தியிருக்கும் வெட்டாளை இறங்கச் சொல்வார்கள். ஆள் எடை சேரக் கூடாதே. மாணிக்கத்தின் பாட்டு இதுதான்:

"வெட்டுனவன் நாந்தான், கட்டுனவன் நாந்தான்,
என்னயும் சேத்து நிறுத்துப் போடு,
எறங்கச் சொல்லாத, எறங்கச் சொல்லாத."

பாட்டின் நடுவே டிரம்மை நிறுத்துவான். பாடவும் மாட்டான். எடைமுள் நிற்கும்வரை காத்திருப்பதுபோல் உட்கார்ந்திருப்பான். கூட்டம் நெளியும். யாராவது இருமுவார்கள். பிறகு ஒரே ஒரு அடி.

கீழே எங்களை யாரும் இரண்டாம் தடவை கூப்பிடவில்லை. மலைதான் கூப்பிட்டது. வெள்ளிமலைக்கு அந்தாண்ட ஒரு ஊர்த் திருவிழாவில், பட்டப்பகலில், கடுக்காய் காயப்போட்ட பாறைக்குப் பக்கத்தில் வாசித்தோம். மலைக்காரர்கள் ஆடினார்கள். ஒரு பெரியவர் அன்வரிடம் வந்து, "உங்க பொட்டி ரிப்பேரா கெடக்குது. ஆனா நல்லா கெடக்குது" என்றார்.

அன்று எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாமைச் சோறு தின்றோம். கீழே ஊரில் மாணிக்கம் என் வீட்டு வாசற்படியைத் தாண்டியதில்லை. தாண்டு என்று நானும் சொன்னதில்லை. மலையில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, என்னை நானே பெரிய மனிதன் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கேட்டது நியாயம்

சென்னையில் ஒரு கேசட் கம்பெனிக்காரர் எங்களைக் கேள்விப்பட்டு ஒரு தேதி கொடுத்தார். அந்தத் தேதியை விட்டால் வேறு தேதி இல்லை என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

மாணிக்கம் கேட்டது ஒன்றே ஒன்று. "எங்க தெரு ரேடியோ செட்டுல கேட்டா எனக்கு ஒண்ணுமில்ல வாத்தி. உங்க தெரு டீக்கடையில எங்குரலு கேக்கணும். என்னத்தான் பெஞ்சில குந்த வுட மாட்டானுங்க. குரலு குந்தும் இல்ல?"

அந்தச் சமயத்தில்தான் இடஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்துக்குப் போயிற்று. எங்கள் சாதிதான் போராடியது. சாதிப் பெயரை எழுதாமல் விடுகிறேன். எழுதினால் அதை மட்டும் படிப்பீர்கள். கேட்டது நியாயம். இன்றும் சொல்வேன். எங்கள் ஆட்களில் பெரும்பாலோர் ஒரு சர்க்கார் நாற்காலியை நெருங்கிப் பார்க்காதவர்கள். பின்னாளில் எனக்குக் கிடைத்த கல்லூரி வேலை அந்தப் போராட்டம் வாங்கித் தந்தது. அதில் ஓய்வூதியமும் வாங்குகிறேன்.

எனக்கு ஆத்திரமூட்டுவது வேறு. மேலே உள்ளவனிடம் "எங்களுக்கும் இடம் விடு" என்று ரோட்டில் உட்கார்ந்த அதே நாளில், நம் வேனுக்குள்ளேயே யார் உட்காரலாம் என்று நாம் பார்த்தோம். நாம் என்றால் நான்.

புளியமரத்துக்கு அந்தப் பக்கம்

மரத்தருகே வேன் நின்றது. முன்னால் வந்தவர் என் தாய்மாமன் கோவிந்தன். ஊரிலிருந்து டிராக்டரில் ஆள் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். நெற்றியில் வியர்வை, தோளில் கொடி.

"அட, நம்ம மாப்ள. மெட்ராஸுக்கா? பாட்டுக் கச்சேரியா?"

"ஆமாம் மாமா. ரெக்கார்டிங்."

"அதுக்குப் போறவன நிறுத்துவமா? டேய், வழிய வுடுங்கடா." பிறகு கதவைத் திறந்தார். "நானும் உளுந்தூர்பேட்டை வரைக்கும் வர்றேன். அங்க நம்மாளுங்களுக்குச் சோறு போச்சான்னு பாக்கணும்." இன்னும் இருவர் அவரோடு ஏறினார்கள். மாணிக்கம் உட்கார்ந்திருந்த இடத்தில் மாமா உட்கார்ந்தார்.

வேன் மண் பாதையில் குலுங்கி, மறுபடி தார்ரோட்டில் ஏறியது. கொஞ்ச தூரத்தில் ஒரு மைல்கல். அதன் பக்கத்தில் மாணிக்கம் நின்றுகொண்டிருந்தான். முழங்கால்வரை சேறு. கரும்புத் தோகை கிழித்த கை. குச்சிகளைப் பிடித்திருந்த அந்தக் கையை உயர்த்தினான்.

டிரைவர் என்னைப் பார்த்தார். வேகம் குறைந்தது.

மாமா முன்னால் குனிந்தார். "யார்றா அவன்? உன்னப் பாத்துக் கை காட்றான்?"

"தெரியல மாமா."

இரண்டு சொல். யாரும் மிரட்டவில்லை. யார் கையிலும் கோடாலி இல்லை. அதை மரத்தடியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

டிரைவர் மிதித்தார். மாணிக்கத்தின் கை உயர்ந்தபடியே கண்ணாடியில் சிறுத்தது. பின்சீட்டில் அன்வர் டிரம்மைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனும் வாயைத் திறக்கவில்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வேனில் அவன் யார் பேச?

உளுந்தூர்பேட்டையில் மாமா இறங்கி, எங்களுக்குப் பரோட்டா வாங்கித் தந்தார். நான் தின்றேன்.

திரும்பிப் போய் அவனை ஏற்றியிருக்கலாம். மாமாதான் இறங்கிவிட்டாரே. "நேரமாச்சு" என்று நானே சொன்னேன்.

வாடகை டிரம்மர்

கம்பெனிக்காரர் ஆச்சரியப்படவில்லை. "டிரம்மர் வரலியா? அதுக்கென்ன" என்று போன் செய்தார். ஒரு காபி குடிக்கும் நேரத்தில் ஓர் ஆள் வந்துவிட்டார். நல்ல டிரம்மர். தாளம் பிசகாமல் அடித்தார்.

மூன்று ஜப்பான்காரர்கள் பாட்டில்களால் அடி வாங்கிக்கொண்டு காலியாக வைத்திருந்த இடத்தை, நான் ஒரு காபிக்குள் நிரப்பினேன்.

மாணிக்கத்தின் பாட்டை நான் பாடினேன். நடுவில் வரும் அந்த மௌனத்தைப் பார்த்துக் கம்பெனிக்காரர், "டேப் அறுந்துடுச்சுன்னு கடைக்காரன் திருப்பி அனுப்புவான். எதையாவது போடுங்க" என்றார். நான் ஒரு ஊளை போட்டேன். அந்த ஊளையைத்தான் இன்று பையன்கள் புகழ்கிறார்கள். "அந்த வலி, சார்!" என்கிறார்கள். எனக்கு ஒரு வலியும் இல்லை. பரோட்டா செரிக்கவில்லை, அவ்வளவுதான்.

அட்டைக்கு யார் பெயர் என்று கேட்டார்கள். அன்வர் என்னைப் பார்த்தான். நான் என் பெயரைச் சொன்னேன்.

கேசட் ஓரளவு விற்றது. எங்கள் தெரு டீக்கடையில் போட்டார்கள். "நம்ம வூட்டுப் புள்ள குரலு" என்று பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார்கள். அன்வர் கடையை மூடிவிட்டுத் துபாய் போனான். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை. மாணிக்கம் ஊரை விட்டுப் போய்விட்டான், மலையில் இருக்கிறான் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை. வேன் நிற்காததற்கு டிரைவர் காரணம், பயம் காரணம், காலம் காரணம் என்று அவன் நினைத்துக்கொண்டிருப்பான் என்று நானே முடிவு செய்துகொண்டு, கல்லூரியில் முப்பது வருஷத்துக்குமேல் பிள்ளைகளுக்கு மனிதநேயம் பாடம் நடத்தினேன்.

வெள்ளிமலையில்

அந்தத் தொலைபேசிக்குப் பிறகு மலைக்குப் போனேன். வெள்ளிமலை பஸ் நிறுத்தத்தில் பெயரைச் சொன்னதும் காட்டினார்கள். சாமை அரைக்கும் மில். பெல்ட் ஓடும் சத்தம். தவிட்டுத் தூசியில் நரைமுடி மஞ்சளாக, ஒரு கிழவன் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தான்.

"வாங்க சார். உக்காருங்க" என்றான்.

வாத்தியும் இல்லை, சின்னய்யாவும் இல்லை. சார்.

விழாவைப் பற்றிச் சொன்னேன். அவன்தான் மேடையில் நிற்க வேண்டும் என்றேன். பிறகு, வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னேன். "அன்றைக்கு வேன் நிற்காமல் போனதற்கு..."

அவன் எழுந்து போய் மிஷினை நிறுத்தினான்.

"வேன் நிக்காததுக்கு நான் கோவப்படல சார். டிரைவரு பயந்திருப்பான், வாத்தியால ஒண்ணும் பண்ண முடிஞ்சிருக்காதுன்னு நெனச்சேன். நடந்தே வூடு வந்தேன். அடுத்த வாரம் பால் சொசைட்டிக்குப் போனேன், எங்கம்மா கறந்த பால ஊத்த. உங்க மாமா அங்க நின்னுக்கினு இருந்தாரு. ரெண்டு தெரு ஆளுங்களும் இருந்தாங்க. 'டேய் மாணிக்கம், வேணும்னேதான்டா உன் கூட்டாளியக் கேட்டேன், யார்றா அவன்னு. தெரியல மாமான்றான்டா'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. எங்க தெரு ஆளுங்ககூட சிரிச்சாங்க."

"மாமாவுக்கு உன்னை அடையாளம் தெரிந்ததா?"

"இன்னா சார் கேக்கறீங்க? எங்கப்பன் அவரு தோட்டத்துல தண்ணி பாச்சின ஆளு. என்ன அம்மணமாத் திரிஞ்ச காலத்துல இருந்து தெரியும் அவருக்கு. தமாசுக்குக் கேட்டாரு. 'எங்க டிரம்மரு மாமா, ஏத்திக்கலாம்'னு நீங்க சொல்லியிருந்தா, ரெண்டு கெட்ட வார்த்த திட்டிட்டு, பின்னாடி டிரம்மோட குந்துடான்னு இருப்பாரு. அவரு நல்லவருன்னு சொல்லல. அன்னிக்கு அவ்ளோதான் நடந்திருக்கும்."

இத்தனை காலமும் நான் ஒரு பெரிய பயத்துக்குப் பலியானவன் என்று வைத்திருந்தேன். அந்தப் பயத்தையும் அவன் சாக்குபோல் உதறிக் காட்டிவிட்டான். உள்ளே ஒன்றும் இல்லை.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அவன் குரலைப் பதிந்து இணையத்தில் போடச் சொல்கிறேன் என்றேன்.

"குரலா?" இருமினான். "தவுடு தின்னுடிச்சி. விழாவும் வேணாம், ஒண்ணும் வேணாம்." சாக்கை மறுபடி எடுத்தான். ஊசி கோத்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னான்: "சொசைட்டிக்குப் போ. சிரிச்சவங்கள்ல பாதிப் பேரு செத்துட்டாங்க. மீதிப் பேரு இருக்கறாங்க. அங்க நின்னு, 'அன்னிக்கு எனக்கு அவனத் தெரியும்'னு சொல்லு. மெட்ராசுல சொல்லாத. பேப்பர்ல எழுதாத. எழுதறதுனா அங்க சொல்லிட்டு எழுது."

பால் சொசைட்டி

போனேன். சாயங்காலப் பால் நேரம். சொசைட்டி இப்போது கான்கிரீட் கட்டடம். கேன்கள், மோட்டார் சைக்கிள்கள், புளித்த பால் வாடை. இரண்டு தெரு ஆட்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மகன் செந்தில்தான் செயலாளர்.

"வாங்க மச்சான். இன்னா திடீர்னு?"

நின்றபடியே சொன்னேன். மாணிக்கம் என் குழுவில் இருந்தவன், அந்தப் பாட்டு அவனுடையது, அன்றைக்கு ரோட்டில் நின்றவன் அவன்தான் என்று எனக்குத் தெரியும், தெரிந்தே தெரியாது என்று சொன்னேன்.

பால் அளக்கிறவன் லிட்டர் குவளையைப் பிடித்தபடி நின்றான்.

"எந்த மாணிக்கம்?" என்றார் ஒருவர்.

"மலையில மில்லு வெச்சிக்கினு இருக்கறானே, அவன்" என்றார் வரிசையில் நின்ற இன்னொருவர்.

செந்தில் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு படர்ந்தது. "அட, இதச் சொல்லவா மச்சான் பஸ்ஸு புடிச்சி வந்தீங்க? எங்கப்பா இத எத்தினி கல்யாணத்துல சொல்லிக் காட்டியிருக்காரு." நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டான். கண்ணை உருட்டி, கீச்சுக் குரலில், என்னைப் போலவே சொன்னான்:

"தெரியல மாமா."

சொசைட்டியே சிரித்தது. அன்று இருந்த கிழவர்கள் சிரித்தார்கள். அன்று பிறக்காதவர்கள் அவர்களைவிட அதிகமாகச் சிரித்தார்கள். ஒரு பள்ளிக்கூடப் பையன் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். அவனுக்கும் அந்தக் குரல் பழக்கமாக இருந்தது.

காலனியிலிருந்து வந்த ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. பாலை ஊற்றிவிட்டு, காலிக் கேனைத் தூக்கிக்கொண்டு, வழியில் நின்ற என்னைச் சுற்றிப் போனாள்.

கேசட் எல்லாம் இந்த ஊரில் எப்போதோ அறுந்து போய்விட்டது. என் குரல் மட்டும் இருக்கிறது. அந்த இரண்டு சொல்லாக.